திரும்பும் வழியற்ற விண்கலம்

கப்பல் உடைந்து கரையொதுங்கிய மனிதனின் கதை நமக்குப் புதியதன்று. மணிமேகலையில் வரும் சாதுவன், கைப்பொருளையெல்லாம் இழந்து, மீண்டும் பொருள் தேடக் கடலேறி, மரக்கலம் உடைய, முறிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் ஒதுங்குகிறான். அங்கு வாழ்பவர்கள் மனிதரைத் தின்பவர்கள். களைத்து மர நிழலில் உறங்குகிறவனை அவர்கள் உணவாகவே பார்க்கிறார்கள். அவன் பிழைத்ததற்குக் காரணங்கள் இரண்டு. அவர்களுடைய மொழி அவனுக்குத் தெரிந்திருந்தது என்பது ஒன்று. பின்னொரு நாள் சந்திரதத்தன் என்ற வணிகனின் கப்பல் அவ்வழியே வந்தது என்பது மற்றொன்று. மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அதைக் காவியம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்த மலையில் மூச்சு விடக் காற்று இருந்தது.

இம்மூன்றையும் நீக்கிவிட்டு, ‘இனி அவன் கதி என்ன?’ என்று கேட்பவையே விண்வெளியில் சிக்கிக்கொண்டவர்களைப் பற்றிய பயங்கரப் படங்கள். 1950-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலும், பின்னர் இத்தாலி முதலிய நாடுகளிலும் இவை எடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. பெரும்பாலானவை குறைந்த முதலில், சில வாரங்களில், இரவல் சாமான்களைக் கொண்டு எடுத்தவை. ஒரே டிக்கெட்டில் இரண்டு படங்கள் காட்டுகிற கொட்டகைகளில் இரண்டில் ஒன்றாக ஓடுவதற்கென்றே பிறந்தவை பல. படித்தவர்கள் இவற்றைப் பார்த்து நகைப்பது வழக்கம். நாமும் சில இடங்களில் நகைக்கத்தான் போகிறோம். ஆயினும் இவற்றுள் நல்லவை சில, பெரும் பொருட்செலவில் எடுத்த படங்கள் தொடத் தயங்கிய ஓர் அச்சத்தைத் தொட்டுவிட்டன என்பது நம் கருத்து. பணமில்லாமையே அதற்கு ஒரு காரணம் என்றும் நாம் கருதுகிறோம்.

1950-இல் ஹாலிவுட்டில் ஜார்ஜ் பால் என்ற தயாரிப்பாளர் ‘டெஸ்டினேஷன் மூன்’ என்னும் வண்ணப் படத்தைத் தக்க விஞ்ஞான ஆலோசனையோடு எடுத்துக்கொண்டிருந்தார். மனிதன் சந்திரனுக்குச் செல்லும் கதை. அதற்குப் பத்திரிகைகளில் கிடைத்த விளம்பரத்தைக் கண்ட லிப்பர்ட் என்ற சிறு கம்பெனி, குர்ட் நாய்மன் என்ற டைரக்டரைக் கொண்டு ‘ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்’ என்ற படத்தை அவசரமாக எடுத்து, சுமார் ஒரு மாதம் முன்னதாகவே திரையிட்டுவிட்டது. ஊரார் விளம்பரத்தில் குளிர்காய்ந்த வேலைதான் இது. ஆனால் படத்தைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. சந்திரனுக்குப் புறப்பட்ட ஐவர் வழி தவறிச் செவ்வாய்க் கிரகத்தை அடைகிறார்கள். செவ்வாயாக நடித்தது கலிபோர்னியாவில் உள்ள மரணப் பள்ளத்தாக்கு என்ற பாலைநிலம். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தக் காட்சிகளுக்கு மட்டும் செந்நிறம் ஏற்றியிருந்தார்கள். அங்கே அவர்கள் காண்பது அணுகுண்டுப் போரில் அழிந்துபோன ஒரு நாகரிகத்தின் இடிபாடுகள். ஹிரோஷிமா நடந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐவரில் இருவர் அங்கேயே மடிகிறார்கள். மிஞ்சிய மூவர் பூமியை நெருங்கும்போது, இறங்குவதற்கு எரிபொருள் போதாது என்று கணக்குச் சொல்லிவிடுகிறது. அவர்களும் மடிகிறார்கள்.

பணக்காரப் படமான ‘டெஸ்டினேஷன் மூன்’ கதையிலும் எரிபொருள் குறைகிறது. ஆனால் அவர்கள் சாமான்களை வெளியே எறிந்து, பாரத்தைக் குறைத்து, திரும்பிவிடுகிறார்கள். பெருமுதல் போட்டவன் தன் கதாநாயகர்களைக் கொல்லத் துணியமாட்டான். இழப்பதற்கு அதிகமில்லாதவன் துணிந்தான்.

எரிபொருள் தீர்ந்தால் ஏன் திரும்ப முடியாது என்பதைச் சற்று விளக்க வேண்டும். சாலையில் பெட்ரோல் தீர்ந்த மோட்டார் நின்றுவிடும். யாராவது வந்து சேரலாம். விண்கலம் நிற்பதில்லை. தடுத்து நிறுத்தக் காற்றோ மண்ணோ இல்லாத வெளியில், கடைசியாக எந்த வேகம் கிடைத்ததோ அதே வேகத்தோடு, சூரியனும் கிரகங்களும் இழுக்கிற இழுப்புக்கேற்ப, அது ஓடிக்கொண்டே இருக்கும். திசை மாற்றுவதற்கும் எரிபொருள் வேண்டும், வேகம் குறைப்பதற்கும் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் வேண்டும். பூமியும் செவ்வாயும் வெவ்வேறு வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால், சிக்கனமான பயணத்துக்கு உகந்த வேளை ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வாய்க்கிறது. சந்திரதத்தனின் கப்பலுக்காகக் காத்திருப்பவன் அத்தனை நாளுக்கும் காற்றும் நீரும் உணவும் வைத்திருக்க வேண்டும்.

பேச்சும் அப்படித்தான். செவ்வாய் நமக்கு மிக அருகே வரும்போது சுமார் 5½ கோடி கிலோமீட்டர் தொலைவிலும், மிக விலகும்போது சுமார் 40 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கிறது. வானொலி அலை ஒளியின் வேகத்தில் சென்றாலும், ஒரு வழிப் பயணத்துக்கு 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். ‘கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறது, திறக்கலாமா?’ என்று ஒருவன் கேட்டால், பதில் வர முக்கால் மணி நேரம் ஆகலாம். ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு, ஊரில் நடந்தது என்னவென்று தெரியாமல் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரவுகள் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த இடைவெளியில் மனம் எதையெல்லாம் கற்பனை செய்துகொள்ளும் என்பதை வெளியூரில் பிழைப்பவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கதவு விஷயம்தான் இவ்வகைப் படங்களின் உயிர். 1958-இல் எட்வர்ட் கான் இயக்கிய ‘இட்! தி டெரர் ஃப்ரம் பியாண்ட் ஸ்பேஸ்’ என்ற படம் மொத்தம் 69 நிமிடமே ஓடுவது. செவ்வாய்க்குச் சென்ற முதற்கலத்தில் ஒருவன் மட்டும் உயிரோடிருக்கிறான். தோழர்கள் ஒன்பதின்மரை அவனே கொன்றான், இருந்த உணவைத் தான் ஒருவனாகத் தின்று பிழைப்பதற்காகக் கொன்றான் என்பது குற்றச்சாட்டு. ‘ஏதோ ஒன்று எங்களைத் தாக்கியது’ என்கிறான் அவன். சாட்சி இல்லை. அவனைக் கைதியாகப் பூமிக்குக் கொண்டு செல்ல வந்த இரண்டாவது கலத்தில், புறப்படுமுன் ஒரு கதவைத் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள். அந்த ஏதோ ஒன்றும் ஏறிக்கொள்கிறது.

அதன்பின் நடப்பது எளிது. கலம் அடுக்கடுக்கான மாடிகளாக அமைந்தது. கீழ்த்தளத்தில் ஒருவனைக் காணவில்லை. ஒவ்வொரு தளமாகக் கதவை மூடிக்கொண்டு மேலே ஏறுகிறார்கள். ஒவ்வொரு கதவும் உடைகிறது. கடைசியில் மேலே ஏற இடமில்லை. மூடிய விண்கலத்துக்குள் கைக்குண்டு வீசுகிறார்கள், துப்பாக்கியால் சுடுகிறார்கள். கலத்தின் சுவர் என்னவாகும் என்று ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இங்கே நாம் நகைத்துக்கொள்ளலாம். பூதமாக நடித்தவருடைய முகவாய், பூத முகமூடியின் வாய்க்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றதாம். வேறு முகமூடி செய்ய அவகாசமில்லை. அந்த முகவாய்க்கே வண்ணம் பூசி, அதை நாக்கு என்று ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் முடிவு நகைப்புக்குரியதன்று. கலத்தில் பிராணவாயு கணக்குக்கு மீறிச் செலவாவதைக் கைதியே கவனிக்கிறான். மெல்லிய காற்றுள்ள கிரகத்தில் பிறந்த அந்தப் பிராணி மிகுதியாக மூச்சு வாங்குகிறது. துப்பாக்கியால் ஆகாதது காற்றைத் திறந்துவிட்டதால் ஆகிறது. தாங்கள் உடை பூண்டு, கலத்துக் காற்று முழுவதையும் வெளியே விட்டு அதைக் கொல்கிறார்கள். எந்தக் காற்றைக் காக்கக் கதவுகளை மூடினார்களோ, அதையே இறுதியில் இழக்கத் துணிய வேண்டியிருந்தது. குற்றவாளி என்று ஒதுக்கப்பட்டவனின் சொல்லை நம்பிய பிறகே அதுவும் நடந்தது.

இவ்வரிசையில் நாம் மிகவும் மதிக்கும் படம் இத்தாலியில் எடுக்கப்பட்டது. மாரியோ பாவா என்பவர் ஒளிப்பதிவாளராக இருந்து டைரக்டரானவர். அவருடைய தந்தையும் திரைத்தந்திரக் காட்சிகளில் வல்லவர். 1965-இல் பாவா எடுத்த ‘தெர்ரோரே நெல்லோ ஸ்பாசியோ’, அதாவது ‘விண்வெளியில் பயங்கரம்’, ஆங்கிலத்தில் ‘பிளானெட் ஆஃப் தி வாம்பயர்ஸ்’ என்று ஓடியது. இத்தாலியர், ஸ்பானியர், அமெரிக்கர் கூடி முதல் போட்ட படம். நடிகர்கள் அவரவர் மொழியில் வசனம் பேசினார்கள். குரல் பின்னால் சேர்க்கப்பட்டது. ஒரு கிரகம் முழுவதையும் ஸ்டூடியோவுக்குள் காட்ட வேண்டும். தம்மிடம் இருந்தவை வேறொரு புராணப் படத்தில் பயன்பட்டு மிஞ்சிய இரண்டு பிளாஸ்டிக் பாறைகளே என்று பாவா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு பாறைகளை முகம் பார்க்கும் கண்ணாடிகளைக் கொண்டும், ஒரே பிலிமில் பலமுறை படம் பிடித்தும் பலவாகப் பெருக்கினார். வெற்றுத் தரை தெரியாதபடி புகையைப் பரப்பினார். புகையின்மேல் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஒளியைப் பாய்ச்சினார்.

கண்ணாடித் தந்திரம் என்பது என்னவெனில், காமிராவுக்கு முன் ஒரு கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி, ரசம் பூசியதில் ஒரு பகுதியைச் சுரண்டிவிடுவார்கள். சுரண்டிய இடத்தின் வழியே தொலைவில் நிற்கும் நடிகர் தெரிவார். சுரண்டாத பகுதியில், பக்கவாட்டில் வைத்த ஒரு சாண் உயரப் பொம்மை மாளிகை பிரதிபலிக்கும். இரண்டும் ஒன்றாகப் படத்தில் விழும்போது, மாபெரும் மாளிகையின் வாயிலில் மனிதன் நிற்பதுபோல் இருக்கும். ஜெர்மானியரான ஷுஃப்டான் என்பவர் பெயரால் வழங்கும் இம்முறை, 1927-இல் வெளியான ‘மெட்ரோபோலிஸ்’ படத்தால் புகழ் பெற்றது. இந்த உபாயங்களுக்கெல்லாம் பொறுமை வேண்டும். பொருள் அதிகம் வேண்டியதில்லை.

கதைக்கு வருவோம். உதவி கேட்டு வந்த ஒரு சைகையைப் பின்பற்றி இரண்டு கலங்கள் ‘ஔரா’ என்ற கிரகத்தில் இறங்குகின்றன. இறங்கும்போதே ஒருவரையொருவர் கொல்லும் வெறி அவர்களைப் பிடிக்கிறது. ஒரு கலத்தின் தலைவன் தெளிந்து மற்றவர்களைத் தெளிவிக்கிறான். மற்றக் கலத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் கொன்று கிடக்கிறார்கள். மாண்டவருள் அத்தலைவனின் தம்பியும் ஒருவன். இறந்தவர்களைப் புதைக்கிறார்கள். இரவில் புதைகுழிகள் திறக்கின்றன. அழிந்துகொண்டிருக்கும் அக்கிரகத்தின் உருவமற்ற உயிர்கள், தப்பிச் செல்ல உடல் தேடுகின்றன. நம் கதைகளில் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று சொல்வோமே, அதுதான். இன்னோரிடத்தில், தங்களுக்கு முன் எப்போதோ அதே சைகைக்கு இரங்கி வந்து மாண்டுபோன வேற்றுலகத்தாரின் இராட்சத எலும்புக்கூடுகளை இவர்கள் காண்கிறார்கள். உதவி கேட்கும் குரலே வலை என்பது அப்போது விளங்குகிறது.

படம் வெளியாகி அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டதால் முடிவையும் சொல்லிவிடுகிறோம். தலைவனும் துணைவியும் மற்றொருவனும் ஒருவாறு தப்பிக் கிளம்புகிறார்கள். அப்போதுதான் தலைவனும் அவளும் முன்னரே கூடு மாறியவர்கள் என்பது வெளிப்படுகிறது. மூன்றாமவன் கலத்தின் ஒரு கருவியை உடைத்துவிட்டு உயிர் விடுகிறான். நெடுந்தூரம் செல்ல முடியாத கலம் அருகில் உள்ள ஒரு சாதாரணக் கிரகத்தில் இறங்கத் திரும்புகிறது. அந்தக் கிரகம் பூமி. இதுவரை நாம் மனிதர்கள் என்று எண்ணி இரங்கியவர்கள் நம் உலகத்தாரே அல்லர்.

இங்கே பூதம் இல்லை. பூதம் செய்யப் பணம் இல்லை. அதனால் பாவா பழகிய முகத்தையே பயங்கரமாக்கினார். தொலைதூரம் போய்த் திரும்புகிறவன் போனவன்தானா என்ற சந்தேகம், வாசலில் ஆரத்தியோடு நிற்பவர்களுக்கும் சில சமயம் வருவதுண்டு.

ரஷ்யர் எடுத்த படங்களுக்கு நேர்ந்த கதி இன்னொரு விதம். லெனின்கிராடில் பாவெல் க்ளுஷான்த்ஸெவ் என்பவர் 1962-இல் ‘பிளனேத்தா பூர்’, அதாவது ‘புயல்களின் கிரகம்’, என்ற நல்ல படத்தை எடுத்தார். வெள்ளிக் கிரகத்தில் இறங்கியவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். மேலே சுற்றிக்கொண்டிருக்கும் கலத்தில் ஒரு பெண் மட்டும் தனியாக இருக்கிறாள். கீழிருந்து பேச்சு நின்றுவிட்டது. அவள் இறங்கினால் அவர்களைக் காக்கலாம். ஆனால் பிறகு எல்லாரையும் ஊருக்குக் கொண்டு செல்ல மேலே ஒருவரும் இருக்கமாட்டார்கள். கீழே ஓர் இயந்திர மனிதன் இருவரைத் தோளில் சுமந்து எரிமலைக் குழம்பைக் கடக்கிறது. தனக்கே ஆபத்து என்று தெரிந்ததும், சுமையைக் கீழே போட முற்படுகிறது. வெள்ளி எத்தகையது என்பது அன்று எவருக்கும் சரியாகத் தெரியாது. 1970-இல் வெனேரா-7 அங்கே இறங்கி, தரையின் வெப்பம் ஏறத்தாழ 475 டிகிரி சென்டிகிரேட் என்று தெரிவித்தது. படத்தில் வரும் விலங்குகளுக்கு அங்கே இடமில்லை. அந்தப் பெண்ணின் சங்கடத்துக்கு மட்டும் இன்றும் இடமிருக்கிறது.

அமெரிக்கரான ரோஜர் கார்மன் இத்தகைய ரஷ்யப் படங்களின் உரிமையை மலிவாக வாங்கி, விண்கலக் காட்சிகளை மட்டும் வெட்டியெடுத்து, சில நாட்களில் எடுத்த புதிய காட்சிகளோடு ஒட்டி, வேறு பெயரில் வெளியிடச் செய்தார். அவ்வாறு பிறந்தவற்றுள் உருப்படியானது கர்ட்டிஸ் ஹாரிங்டன் இயக்கிய ‘குயீன் ஆஃப் பிளட்’, 1966-இல் வந்தது. ஒடெஸ்ஸா ஸ்டூடியோவின் நம்பிக்கை மிகுந்த படம் ஒன்று அதில் பயங்கரப் படமாக மாறிற்று. இங்கே சிக்கிக்கொண்டது வேற்றுலகத்துப் பெண். மனிதர்களே அவளை மீட்டுக் கலத்தில் ஏற்றி உபசரிக்கிறார்கள். பச்சை நிற மேனி, ஒரு வார்த்தை பேசுவதில்லை, புன்னகை மட்டும். அவள் ஒருவனின் இரத்தத்தைக் குடித்துவிட்ட பிறகும், ‘விஞ்ஞானத்துக்கு இவள் அரிய பொருள், கொல்லலாகாது’ என்று தலைவர் தடுத்து, கையிருப்பில் உள்ள இரத்தத்தை அவளுக்கு ஊட்டுகிறார். கையிருப்பு தீர்ந்ததும் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டுமா?

இவ்விடத்தில் நம் தமிழ்ப் படத்தையும் நினைவு கூரலாம். 1963-இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யில், இசை அறியாத வேற்றுக் கிரகத்தார் பாடகி ஒருத்தியைத் தூக்கிச் செல்கிறார்கள், நாயகன் அங்கே சென்று அவளை மீட்கிறான். இரத்தம் குடிக்க அல்ல, பாட்டுக் கற்க ஆள் பிடிக்கும் வேற்றுலகத்தாரைக் கற்பனை செய்தது நம்மவர் குணம். அச்சத்துக்கு அதில் அதிக வேலையில்லை.

மீண்டும் அமெரிக்கா. கல்லூரி மாணவர்களாயிருந்த ஜான் கார்ப்பெண்டரும் டான் ஓபனனும் சேர்ந்து செய்த ‘டார்க் ஸ்டார்’ 1974-இல் வெளியானது. அதில் வேற்றுலகப் பிராணியாக வருவது, கடற்கரையில் உருட்டி விளையாடும் காற்றுப் பந்து. வண்ணம் பூசி, கீழே பாதங்கள் ஒட்டியிருந்தார்கள். மக்கள் சிரிக்க வேண்டும் என்று எடுத்த படத்துக்கு எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. சரி, சிரிக்காதவர்களை அலற வைப்போம் என்று ஓபனன் தீர்மானித்தார். அப்படிப் பிறந்த கதைதான் ரிட்லி ஸ்காட் இயக்கி 1979-இல் வந்த ‘ஏலியன்’. உதவி கேட்கும் சைகை, பாழான கலத்தில் இராட்சத எலும்புக்கூடு, கலத்துக்குள் ஏறிக்கொண்ட பிராணி, கடைசியில் அதைக் காற்றில்லா வெளியில் தள்ளுதல் எல்லாம் முன்னே நாம் கண்டவையே. ஒரு கோடி டாலருக்கு மேல் செலவழித்த அந்தப் படமும் ஏழைகளின் உபாயத்தை விடவில்லை. அரங்கம் மிகப் பெரிதாகத் தோன்ற வேண்டும் என்று, சில காட்சிகளில் ஸ்காட் தம் பிள்ளைகளுக்குச் சிறிய விண்வெளி உடை அணிவித்து நடக்கவிட்டார்.

அதிலும் கதவுதான் திருப்பம். நோய் தொற்றியவனோடு வெளியே நிற்பவர்கள் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள். விதிப்படி தனிமையில் வைக்க வேண்டும், திறக்க மாட்டேன் என்கிறாள் உள்ளே பொறுப்பில் இருக்கும் ரிப்ளி. வேறொருவன் திறந்துவிடுகிறான். அவன் இரக்கத்தால் திறக்கவில்லை என்பதும், பிராணியைப் பத்திரமாகக் கொண்டுவா, ஆட்கள் போனால் போகட்டும் என்று முதலாளிகள் முன்னரே ஆணையிட்டிருந்தார்கள் என்பதும் பிறகு தெரிகிறது. ‘குயீன் ஆஃப் பிளட்’ படத்தின் தலைவர் விஞ்ஞானத்தின் பெயரால் செய்ததை, இவர்கள் இலாபத்தின் பெயரால் செய்கிறார்கள்.

படங்களை விட்டு உண்மைக்கு வந்தால், அங்கும் அட்டையும் ஒட்டுநாடாவும் இருக்கின்றன. 1970 ஏப்ரலில் அப்போலோ-13 சந்திரனை நோக்கிச் செல்கையில், பூமியிலிருந்து சுமார் 3,20,000 கிலோமீட்டர் தொலைவில் பிராணவாயுத் தொட்டி ஒன்று வெடித்தது. இருவர் இரண்டு நாள் தங்குவதற்கென அமைந்த சந்திர ஊர்தியில் மூவர் ஒடுங்கியிருந்து திரும்ப நேர்ந்தது. அவர்கள் விடும் மூச்சில் இருந்த கரியமிலவாயு மிகுந்துகொண்டே வந்தது. அதை உறிஞ்சும் பெட்டிகள் ஒரு கலத்தில் சதுரம், மற்றதில் வட்டம். பிளாஸ்டிக் உறை, அட்டை, குழாய், ஒட்டுநாடா இவற்றைக் கொண்டு ஒன்றை மற்றதோடு பொருத்தும் விதத்தைத் தரையில் இருந்த பொறியாளர்கள் வானொலியில் வாசித்துச் சொல்ல, மேலே செய்து முடித்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். சந்திரனுக்குச் செல்லும் வழியில் பதில் வர இரண்டு மூன்று வினாடிகளே ஆகும் என்பதை மறக்கலாகாது.

அதற்கு முந்தைய ஆண்டு, அப்போலோ-11 சென்றபோது, சந்திரனில் இறங்கிய இருவரும் மேலே எழுவதற்கு ஒரே ஓர் எஞ்சின்தான் இருந்தது. அது இயங்காவிட்டால் மீட்க வழியே இல்லை. அந்நிலை நேர்ந்தால் குடியரசுத் தலைவர் நிக்ஸன் வாசிப்பதற்கென்று ஓர் இரங்கல் உரையை 1969 ஜூலை 18-ஆம் தேதியிட்டு வில்லியம் ஸஃபையர் என்ற உதவியாளர் எழுதி வைத்திருந்தார். முதலில் மனைவியருக்குத் தொலைபேசியில் சொல்வது, பின் உரை, அதன்பின் வானொலித் தொடர்பை நிறுத்துவது, கடலில் இறந்தவர்க்குச் செய்வதுபோல் ஒரு பாதிரியார் சடங்கு செய்வது என்று வரிசையும் குறித்திருந்தது. உயிரோடிருப்பவர்களிடமிருந்து பேச்சைத் துண்டிக்கும் வரிசை அது. எந்தப் படமுதலாளியும் அவ்வளவு அமைதியான ஒரு காட்சியை எடுத்ததில்லை. எஞ்சின் இயங்கிற்று, அந்தக் காகிதம் முப்பது ஆண்டுகள் பெட்டியில் கிடந்தது.

திரும்பியவர்களை யாரும் உடனே கட்டித் தழுவவில்லை. சந்திரனில் கிருமிகள் இருந்து தொற்றியிருக்கலாம் என்ற அச்சத்தால், மூவரையும் 21 நாள் தனிமையில் வைக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஹார்னெட் என்ற போர்க்கப்பலில், காற்றுப் புகாதபடி அடைத்த ஒரு வண்டிக்குள் அவர்கள் இருக்க, இரங்கல் உரை வாசிக்க நேராத நிக்ஸன், ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒலிபெருக்கியில் நலம் விசாரித்தார். ஆனால் அதற்கு முன்பே, தனிமை உடைகளை உள்ளே கொடுப்பதற்காக, பசிபிக் கடலில் மிதந்துகொண்டிருந்த கலத்தின் கதவு ஒருமுறை திறக்கப்பட்டிருந்தது.